காப்பிக்கு முன்னால் ஒரு மாத்திரை

டிக்கெட் மெஷினை எப்படிப் பிடிப்பது, நெரிசலில் பின்வாசல்வரை எப்படி நெளிந்து போவது என்பதையெல்லாம் டிப்போவில் இருக்கிறவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் அதற்குள் வரவில்லை. இந்த முறை கண்டக்டர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் நான்கு பேர் தைராய்டு மாத்திரை சாப்பிடுவதாகக் கேள்விப்பட்டேன். நான்கு என்பது வெளியே சொன்னவர்களின் எண்ணிக்கை. சட்டைப்பையில் ஒளித்து வைத்திருப்பவர்களையும் சேர்த்தால் ஏழு பேராவது இருப்பார்கள் என்பது என் கணக்கு. அந்த ஏழு பேருக்காகவும், அவர்களோடு வண்டி ஓட்டப்போகிற டிரைவர்களுக்காகவும் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் மீதி விளங்காது. நான் எண்ணுகிறவன். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டுக் கண்டக்டர் ஆனதால் வந்த பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். உண்மை அதுவல்ல, எண்ணுகிற பழக்கம் இருந்ததால்தான் கணிதம் படித்தேன். பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் வழியில் வளைவுகள் எத்தனை, மின்கம்பங்கள் எத்தனை, அவற்றில் சாய்ந்து நிற்பவை எத்தனை என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். எண்ணுகிறவனுக்குக் கவலை கூடவே வரும். நேற்று சாய்ந்திருந்த கம்பம் இன்று இன்னும் கொஞ்சம் சாய்ந்ததுபோல் இருந்தால் எனக்கு அன்று நிம்மதி கிடையாது. டயர், கதவு, பெல் கயிறு எல்லாவற்றின் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. என் மனைவி சரோஜம் கல்யாணமான முதல் வாரத்திலேயே, “நீங்க ஒறங்கும்போதாவது நிம்மதியா ஒறங்குவீங்களா?” என்று கேட்டாள். அதற்கும் நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

இப்படிப்பட்டவன் ஒரு கோடைகாலத்தில் கவலைப்படுவதை நிறுத்தினேன். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். டிப்போவிலும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சித்திரை வெயிலில் வண்டியின் தகரம் கொதிக்கும்போது நான் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நின்றேன். கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினேன். ஊர்ப்பெயரைக் கூவினால் கரகரவென்று என்னவோ வந்தது. எங்கள் வண்டியில் தினமும் மீன் கொண்டுபோகும் திரேசம்மா என்று ஒரு அக்கா உண்டு. அவர் ஊர் காரோட்டுக்கு அப்பால் கடற்கரை. ஆட்டோவில் பாறசாலை வந்து, மீன் வைத்த சருவப் பானையோடு எங்கள் வண்டியில் ஏறி வெள்ளறடை மேட்டுக்குப் போய் விற்றுவிட்டுத் திரும்புவார். அவர்தான் ஒருநாள், “எலே மக்கா, உனக்க தொண்டையில தவளையா கெடக்கு? கொல்லயில்ண்ணு நீ விளிச்சது எனக்கு கொல்லுதேண்ணு கேட்டுது” என்று வண்டி முழுக்கச் சிரிக்க வைத்தார். அன்று கொல்லயிலில் இறங்க வேண்டிய இரண்டு பேர் உண்மையிலேயே இறங்காமல் போய்விட்டார்கள். டிரைவர் சசி என்னைவிட வயதில் சிறியவன், வாய் பெரிது. “அண்ணே, ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. எண்ணாத்த அண்ணனெப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு” என்றான்.

பார்த்தால் தைராய்டு படுத்துவிட்டிருந்தது. சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்த டாக்டர், “காலையில காப்பிக்கு முன்னால. மாத்திரைக்கும் காப்பிக்கும் நடுவில அரை மணிக்கூறாவது இருக்கணும்” என்றார்.

நான் சொன்னதைச் செய்கிறவன். அதிகாலை டியூட்டிக்கு வந்ததும் டிப்போ வாசல் கடையில் சூடாக ஒரு கிளாஸ் கருப்பட்டிக் கட்டன். அதோடு மாத்திரை. பிறகு ஒரு முழு டிரிப் ஓடி வெள்ளறடை போய்ச் சேர்ந்தபின் ஒன்பது மணிக்குத்தான் காப்பி. அரை மணி நேரம் கேட்டவருக்கு நான் அதைப்போல் பல மடங்கு இடைவெளி கொடுத்தேன். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

மாத்திரை வேலை செய்யவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் கொஞ்சம் அசைந்தது, போதவில்லை. இன்னும் கூட்டினார். அவர் இடம் மாறிப் போனார், வேறொருவர் வந்தார். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். “காப்பிக்கு முன்னாலதானே?” நானும் அதே பதிலைச் சொன்னேன். “ஆமா சாரே, நல்ல முன்னால.” அவரும் கூட்டினார். நாங்கள் மூன்று பேருமே பொய் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு அளவில் உடம்பு நேராகிவிட்டது. குரல் திரும்பியது, மஃப்ளர் பெட்டிக்குள் போனது, கவலையும் பழையபடி வந்து உட்கார்ந்தது. சாய்ந்த கம்பங்களை மறுபடி எண்ணத் தொடங்கினேன். சரோஜம் பெருமூச்சு விட்டாள். நெடுங்காலம் ஒரு குறையும் இல்லாமல் வண்டியும் நானும் ஓடினோம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். மாத்திரை அட்டையை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள். அங்கே முட்டை வைத்தால் அவிந்துவிடும். கால்சியம், இரும்பு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் இதோடு சேர்த்து விழுங்காதீர்கள். எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். நான் கண்டக்டர்.

பிறகு எங்கள் வண்டியின் நேரத்தை முன்னால் தள்ளினார்கள். டிப்போவின் முதல் வண்டியே நாங்கள் என்றாகிவிட்டது. நாங்கள் புறப்படும்போது வாசல் கடையில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். அதனால் என் கையிலிருக்கும் பாட்டில் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு ஏறிவிடுவேன். இது எனக்கு ஒரு மாற்றமாகவே படவில்லை. மாத்திரை அதே மாத்திரை. காப்பி அதே ஒன்பது மணி.

சில வாரம் கழித்து என் பெல்ட்டில் ஓட்டை ஒன்று கூடுதலாகப் போட வேண்டி வந்தது. பிறகு இன்னொன்று. எல்லோரும் புகழ்ந்தார்கள். திரேசம்மா அக்காவுக்கு அதில் ஒரு ஆசையே வந்துவிட்டது.

“மக்கா, நீ இப்பம் பெண்ணு பாக்கப் போற மாப்பிள மாதிரியாக்கும் இருக்க. நீ தின்னுத அந்தக் குளிகை ஒண்ணு எனக்குத் தா. எனக்க மருமவளுக்கு. அவ வாசல்ல கேறி வந்தா வெளிச்சம் போவுது.”

“அக்கா, இது மெலியுறதுக்கான மருந்து இல்ல. அவளுக்கு ஏதும் ஆயிட்டா யாரு பதில் சொல்லுவா?”

“ஒண்ணுலேயா ஆவப்போவுது?”

“ஒண்ணும் தரமாட்டேன். அரையும் தரமாட்டேன்.”

“கஞ்சன். மீனு கேட்டா நான் ரெண்டு கூடுதல் இடுவேன்லா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உங்களிடமும் கேட்பார்கள். மெலிந்த கண்டக்டரைப் பார்த்தால் கட்டாயம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். மீன் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை.

மெலிந்ததைத் தவிர மற்ற அடையாளங்களும் இருந்தன. மழைக்காலத்தில் வியர்த்தது. இரவில் கண் மூடவில்லை. டிக்கெட்டைக் கிழித்து நீட்டினால் அது காற்றில்லாமலே படபடத்தது. சில்லறை இல்லை என்று சொன்ன ஒரு பள்ளிக்கூட ஆசிரியரிடம் நான் போட்ட சண்டையை இப்போது நினைத்தாலும் எனக்கே கூச்சமாக இருக்கிறது. வண்டியில் ஏறியவர்களை ஒரு தடவை எண்ணுகிறவன் மூன்று தடவை எண்ணினேன்.

இதெல்லாம் வேறு யாருக்காவது வந்திருந்தால் சுற்றியிருக்கிறவர்கள் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பார்கள். எனக்கு வந்ததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. படபடப்புக்காரனுக்குப் படபடப்பு என்றால் அதில் என்ன செய்தி இருக்கிறது? சரோஜத்திடம் ஒருநாள், “எனக்கு என்னவோ பயமா இருக்கு” என்றேன். அவள் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டே, “எப்பம்தான் இல்ல?” என்றாள். அவள்மேல் தப்பில்லை. எனக்கே தெரியவில்லை. உலகம் கொஞ்சம் மோசமாகிக்கொண்டு வருகிறது, அதை நான் மட்டும் கவனிக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஆவணி மாதம், கல்யாணங்கள் நெரியும் காலம். வெள்ளறடையிலிருந்து பாறசாலைக்கு இறங்குகிற டிரிப்பில் மாப்பிள்ளை வீட்டார் இருபத்துமூன்று பேர் ஏறினார்கள். வாடகைக்குப் பிடித்த வேன் வழியில் படுத்துவிட்டதாம். மாப்பிள்ளை காரில் முன்னால் போய்விட்டார். தலைவராக வந்தவர் மாப்பிள்ளையின் மாமா. சரிகை வேட்டி, சந்தனம், கையில் கைக்கடிகாரம். அந்தக் கடிகாரத்தை அவர் பார்த்த அளவுக்கு வழியை சசி பார்த்திருக்க மாட்டான். பதினொரு மணிக்குத் தாலிகெட்டு. மீன் விற்றுவிட்டுக் காலிச் சருவத்தோடு திரேசம்மா அக்காவும் பின்சீட்டில் இருந்தார். மொத்தம் ஐம்பத்தெட்டுப் பேர். மூன்று தடவை எண்ணியதால் இந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரப்பர் தோட்டத்து வளைவில் கம்பியைப் பிடித்து நின்றபோது அந்தச் சத்தத்தைக் கேட்டேன். தட தட தட தட. பின்சக்கரத்துக்கு மேலிருந்து வருவதுபோல் இருந்தது. ஒற்றை பெல் அடித்தேன். வண்டி நின்றது. சசி இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல அண்ணே” என்றான். இரட்டை பெல் கொடுத்தேன். அடுத்த வளைவில் மறுபடி தட தட. மறுபடி ஒற்றை பெல்.

“சக்கரத்துக்க போல்ட்டு ஒண்ணு அயஞ்சு ஆடுது சசி. எனக்கு நிச்சயம்.”

“தட்டிப் பாத்தாச்சு அண்ணே. எல்லாம் கல்லு மாதிரி இருக்கு.”

மூன்றாவது முறை நிறுத்தியபோது மாமா எழுந்துவிட்டார். “கண்டக்டரே, நீங்க வண்டி ஓட்டுதீங்களா, வைத்தியம் பாக்குதீங்களா? பதினொண்ணுக்குத் தாலிகெட்டாக்கும்!”

“ஐம்பத்தெட்டு உயிரு என்னை நம்பி இருக்கு. எல்லாரும் மிண்டாம இருங்க. சத்தம் எங்கேயிருந்து வருதுண்ணு நான் கேக்கணும்.”

என் குரலில் என்ன இருந்ததோ, கல்யாணக் கூட்டமே வாயை மூடிக்கொண்டது. கைக்குழந்தை ஒன்றுகூட அழுகையை நிறுத்தியது. தட தட தட தட. முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

“கேக்குதா?”

மாமா இல்லை என்று தலையாட்டினார். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கீழே குனிந்து நின்ற சசியிடம் கத்தினேன். “இஞ்சினை ஆஃப் பண்ணு! அப்பம்தான் தெரியும்.”

சசி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை மறக்க முடியாது. மெதுவாகத்தான் சொன்னான்.

“ஆஃப் பண்ணீட்டாக்கும் அண்ணே நான் எறங்கினேன்.”

வண்டி அசையாமல், மூச்சில்லாமல் நின்றிருந்தது. ரப்பர் இலைமேல் மழைத்துளி விழும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் தட தட தட தட. அப்போதுதான் அது என் நெஞ்சு என்று எனக்குப் புரிந்தது.

திரேசம்மா அக்கா பின்னாலிருந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். “கர்த்தாவே! இவனுக்க கையி, வலையில கெடக்க மீனு மாதிரி துடிக்கு. சசி, வண்டிக்கு ஒண்ணும் இல்ல மக்கா. இவனுக்காக்கும் சுகமில்ல.”

இதிலிருந்துதான் நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் நான் என்ன முடிவெடுத்தேன் தெரியுமா? ஒன்றும் இல்லை, போகலாம் என்று முடிவெடுத்தேன். வெட்கம் ஒரு பக்கம். மாமாவின் கடிகாரம் ஒரு பக்கம். ஐம்பத்தெட்டுப் பேருக்கு முன்னால் என் ஒரு நெஞ்சு எவ்வளவு பெரிது என்ற கணக்கு இன்னொரு பக்கம். கயிற்றைப் பிடித்து இரட்டை பெல் அடித்தேன்.

வண்டி எடுக்கவில்லை.

என் வேலைக்காலத்தில் நான் கொடுத்த இரட்டை பெல்லுக்கு ஒரு வண்டி எடுக்காமல் நின்றது அன்று ஒருநாள்தான். மறுபடி அடித்தேன். சசி ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

“பெல்லு கேக்கேலியா?”

“கேட்டுது அண்ணே.”

“கேட்டா எடு. கண்டக்டர் பெல் அடிச்சா டிரைவர் எடுக்கணும். அது சட்டம்.”

“செரிதான். ஆனா இப்பம் பெல் அடிச்சது கண்டக்டர் இல்ல. சுகமில்லாத ஒரு ஆளாக்கும். அந்த ஆளுக்க பெல்லுக்கு நான் வண்டி எடுக்கமாட்டேன்.”

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சசி கண்ணாடியில் அவரைப் பார்த்து, “மாமா, பின்னால அடுத்த வண்டி வந்துட்டு இருக்கு. கை காட்டி நிறுத்தித் தாறேன். தாலிகெட்டுக்கு நேரம் உண்டு. நெஞ்சுக்கு அந்த நேரம் இல்ல” என்றான்.

சொன்னதுபோலவே அடுத்த வண்டியை நிறுத்தினான். ஐம்பத்தெட்டில் ஐம்பத்தேழு பேர் மாறி ஏறினார்கள். திரேசம்மா அக்கா ஏறவில்லை. சசி டிப்போவுக்குப் போன் செய்துவிட்டு வண்டியைக் காக்க நின்றான். அக்கா ஒரு ஆட்டோவைப் பிடித்து, காலிச் சருவத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைத் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. சருவத்தின் மணம் வந்ததும் வரிசை இரண்டாகப் பிரிந்து எங்களுக்கு வழி விட்டது. மாத்திரை கொடுக்காத கஞ்சனுக்கு அவர் செய்த உதவி இது.

நெஞ்சில் கம்பிகள் ஒட்டிப் பார்த்தார்கள். துடிப்பு ஓடுகிற ஓட்டம் மட்டும் தெரிந்தது, அடைப்பு ஒன்றும் இல்லை. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் பெரிய டாக்டரைப் பார்க்கச் சொல்லி, அதுவரை வண்டியில் ஏறக்கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

டிப்போவில் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். மாமாவின் புகார் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. தாலிகெட்டுக்கு நேரத்தோடு போய்விட்டார்களாம். ஆனால் முதல் பந்தியில் இடம் கிடைக்கவில்லையாம். இரண்டாம் பந்தியில் பப்படம் தீர்ந்துவிட்டதாம். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் வாசித்தார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்.

“பப்படம் போகட்டும். உங்களை நான் லைனில் விடணும்ணா, வண்டியில் நிற்கத் தகுதியுண்டுண்ணு டாக்டர் எழுதித் தரணும். இல்லேண்ணா ரிட்டயர் ஆகும்வரை விசாரணை ஜன்னல்தான்.”

விசாரணை ஜன்னல் உங்களுக்குத் தெரியும், வண்டி நேரம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற இடம். மின்விசிறி உண்டு, நாற்காலி உண்டு. ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. எனக்கு அது சிறை. என் வண்டி என் கண்ணுக்கு முன்னால் வேறொரு கண்டக்டரோடு புறப்பட்டுப் போகும். அவன் ஆட்களை எண்ணவே மாட்டான். ஏறினவர்கள் ஏறினார்கள், இறங்கினவர்கள் இறங்கினார்கள் என்று பெல் அடித்துவிடுவான். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தேன் என்பதை, நல்லவேளை, எண்ணவில்லை.

ரத்த முடிவோடு டாக்டரைப் பார்க்கப் போன அன்று துணைக்கு சசி வந்தான். இளவயது டாக்டரம்மா. கேரளத்தின் வடக்கே மலபார்க்காரர், எங்கள் பக்கத்துக்கு வந்து கொஞ்சநாள்தான் ஆகியிருந்தது. பேச்சு மலையாளத்தில்தான் நடந்தது. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

அவர் தாளைப் பார்த்ததும், “இத்தனை பெரிய டோஸா? உங்கள் உடம்புக்கு இது ரொம்ப அதிகம்” என்றார்.

“கூட்டிக் கூட்டி அங்கே வந்து நின்றது டாக்டர். முதலில் குறைவாகக் கொடுத்தபோது பிடிக்கவேயில்லை.”

“மாத்திரை சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து சாயா குடிப்பீர்கள்?”

“சாயா நான் குடிப்பதே இல்லை.”

எங்களுக்குச் சாயா என்றால் டீ, அவர் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கே சாயா என்றுதான் பெயராம். அது எனக்குத் தெரியாது. அதனால் அவர் பதறிவிட்டார். “காலையில் ஒன்றுமே சாப்பிடாமலா வண்டியில் நிற்கிறீர்கள்?”

“அய்யோ, அப்படியில்லை. ஒன்பது மணிக்கு வயிறு நிறையக் காப்பி உண்டு.”

“வயிறு நிறையக் காப்பியா? எத்தனை கிளாஸ்?”

“கிளாஸ் இல்லை டாக்டர். இரண்டு குற்றி. கடலைக் கறியும் சேர்த்து.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “கடலைக் கறியோடு காப்பியா?”

சசிக்கு அடக்க முடியவில்லை. “டாக்டரே, இஞ்ச காப்பீண்ணு சொன்னா காலத்த உள்ள சாப்பாடாக்கும். புட்டு, தோசை, கிழங்கு, எல்லாம் காப்பிதான். ரெண்டு குற்றி புட்டைத்தான் அண்ணன் காப்பீண்ணு சொல்லுதாரு.”

“அப்படியானால் உண்மையான காப்பிக்கு என்ன பெயர்?”

“அது கட்டன்” என்றேன் நான்.

“கட்டன் எப்போது குடிப்பீர்கள்?”

“அது மாத்திரையோடு…” என்று தொடங்கிய என் வாய் அப்படியே நின்றது. டாக்டரம்மா பேனாவை மறுபடி கையில் எடுத்தார்.

கருப்பட்டி போட்ட கறுப்புக் காப்பியில் மாத்திரையை விழுங்கிவிட்டு, காப்பிக்கு முன்னால்தான் சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொரு டாக்டரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி வந்திருக்கிறேன். சொன்னது பொய்யில்லை. கேட்டவர்களும் தப்பாகக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் கட்டனை யார் காப்பி என்று சொல்வார்கள்? ‘காப்பி குடிச்சாச்சா’ என்று கேட்டால், வெறும் கட்டன் குடித்தவன் ‘இல்ல’ என்றுதான் சொல்வான்.

“இப்போதும் கட்டனோடுதானா?” என்றார் டாக்டரம்மா.

“இப்போது இல்லை. வண்டி நேரம் மாறியதிலிருந்து கடை திறந்திருக்காது. தண்ணீரோடுதான்.”

“எப்போதிலிருந்து?”

பெல்ட்டில் முதல் ஓட்டை போட்டதற்குக் கொஞ்சம் முன்பிருந்து. நான் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது. மருந்தை உடம்பு உறிஞ்சுவதைக் காப்பி தடுக்கும். அதையும் மீறிக் கொஞ்சம் உள்ளே போகட்டும் என்று, காரணம் தெரியாமலே, ஒவ்வொருவரும் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். கட்டன் நின்ற நாள்முதல் அந்தப் பெரிய அளவு முழுக்க என் ரத்தத்தில் இறங்கிவிட்டது. நெஞ்சு பறந்தது, கை நடுங்கியது, சதை கரைந்தது எல்லாம் அதனால்தான்.

“எல்லாவற்றையும் எண்ணுகிறவர் என்று சொன்னார்களே. கட்டனை ஏன் எண்ணவில்லை?” என்றார்.

“அது கணக்கிலேயே வராத சாமான் டாக்டர்” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அளவைக் குறைத்து எழுதினார். தண்ணீர் மட்டும், பிறகு ஒரு மணி நேரம் கட்டன் உட்பட ஒன்றும் கிடையாது என்றார். உடம்பு புதிய அளவுக்கு இறங்கிவர வாரங்கள் ஆகும், அதன்பின் மறுபடி ரத்தம் பார்த்துத்தான் தகுதித்தாள் தருவேன் என்றார். நான் அவசரப்படுத்தினேன். அவர் அசையவில்லை. நீங்களும் இதில் அவசரப்படாதீர்கள். இந்த மாத்திரை வாய்தா வாங்கிப் பேசுகிற மாத்திரை. இன்று நீங்கள் செய்கிற தப்புக்கு அது அடுத்த மாதம்தான் பதில் சொல்லும். அதற்குள் செய்த தப்பை நீங்கள் மறந்திருப்பீர்கள்.

டாக்டரிடம் போகும்போது ‘காப்பிக்கு முன்னால்’ என்று சொல்லாதீர்கள். வாய்க்குள் முதலில் போவது எது, இரண்டாவது போவது எது என்று வரிசையாகச் சொல்லுங்கள். வண்டி நேரம் மாறினால், கடை மாறினால், நோன்பு எடுத்தால் அதையும் சொல்லுங்கள். எது முக்கியம் என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள்.

அந்த வாரங்களில் என் வீட்டிலும் டிப்போவிலும் ஒரு பெரிய நம்பிக்கை வளர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அது கடைசியில்தான் தெரிந்தது. என் படபடப்புக்குக் காரணம் மாத்திரைதான் என்று கண்டுபிடித்தாகிவிட்டதால், அளவு சரியானதும் நான் சாந்தமான மனிதனாக எழுந்து வருவேன் என்று சரோஜம் நம்பினாள். சசி நம்பினான். மேலதிகாரியும் நம்பினார். திரேசம்மா அக்கா மட்டும், “அதுக்கு கர்த்தர் நேரா எறங்கி வரணும்” என்றாராம்.

கை நடுக்கம் நின்றது. உறக்கம் வந்தது. பெல்ட்டின் புதிய ஓட்டைகள் வேலையில்லாமல் போயின. ரத்த முடிவைப் பார்த்த டாக்டரம்மா தகுதித்தாளில் கையெழுத்துப் போட்டார். அதிகாரி அதை வாங்கிப் படித்துவிட்டு, “டென்ஷனெல்லாம் போச்சுதா?” என்று ஆசையோடு கேட்டார். “மாத்திரை டென்ஷன் போச்சு சாரே” என்றேன். மீதியை அவர் கேட்கவில்லை. லைனில் விட்டுவிட்டார்.

முதல் நாள், முதல் டிரிப். சசி எனக்காகக் கோவிலுக்குப் போய்ச் சந்தனம் தொட்டுக்கொண்டு வந்திருந்தான். வண்டி ஏற்றத்தில் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. உள்ளே நாற்பத்தொரு பேர். ரப்பர் தோட்டத்தை நெருங்கும்போது பின்கதவின் தாழ்ப்பாள் லேசாக ஆடுவதுபோல் எனக்குப் பட்டது. அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கை தானாகக் கயிற்றுக்குப் போய்விட்டது. ஒற்றை பெல்.

வண்டி ஓரமாக நின்றது. சசி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அண்ணே, ஒரு காரியம் கேக்கட்டா? இது மாத்திரையா, நீங்களா?”

நியாயமான கேள்வி. நான் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். நாடி பசுமாட்டு நடை நடந்தது. கையை நீட்டிப் பார்த்தேன். டிக்கெட் ஆடவில்லை. வியர்வை இல்லை. உள்ளே பார்த்தால், பிறந்த நாள்முதல் எனக்குப் பழக்கமான கவலை ஒன்று சுகமாக உட்கார்ந்திருந்தது.

“நானாக்கும்” என்றேன்.

“அப்பம் செரி. எறங்கிப் பாருங்க” என்று சசி இஞ்சினை அணைத்தான்.

இறங்கிப் பார்த்தேன். தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.